கொடைக்கானல் பாதரச ஆலை: 15 ஆண்டு போராட்டம் சொல்லும் பாடம் என்ன?

2015 ஜூலை கடைசியில் யூடியூபில் ஒரு ராப் பாட்டு வெளியானது. சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’. சில நாட்களிலேயே பல லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். லண்டனில் இருந்த யூனிலீவர் தலைமைச் செயல் அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த மார்ச் மாதம், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் இந்துஸ்தான் யூனிலீவர் சமரச ஒப்பந்தம் போட்டது.

பாட்டு ஹிட் ஆனது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் ஆலை மூடப்பட்டது 2001-ல். சமரசம் வந்தது 2016-ல். நடுவில் 15 வருடம் ஏன் ஆனது? அதற்கான பதில், இன்று எந்த ஆலையில் வேலை பார்ப்பவருக்கும் தேவையான ஒன்று.

என்ன நடந்தது?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பழனி மலையின் பாம்பார் சோலைக்காட்டை ஒட்டிய இடம். உற்பத்தி பெரும்பாலும் ஏற்றுமதிக்கு.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும், கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. தொழிலாளர்கள் கொடைக்கானலிலேயே இருந்தார்கள். 2006-ல் அவர்களின் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

தீ விபத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அதே மாதம் கராச்சியில் ஓர் ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் பலியானார்கள். நவம்பரில் டாக்காவின் தஸ்ரீன் ஆலைத் தீ. 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மரணம். அதற்குப் பிறகுதான் சர்வதேச ஆடை பிராண்டுகள், தொழிற்சங்கங்களுடன் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

தீ ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை உடல், எந்தக் கதவு பூட்டியிருந்தது, யார் உரிமையாளர் என எல்லாம் மறுநாள் செய்தியில் வந்துவிடும். பாதரசம் அப்படி இல்லை. சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். நிறமில்லை, வாசனையில்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுக்கம், மறதி, தூக்கமின்மை, ஈறுகளில் புண் என்று மெதுவாகத்தான் தெரியும். “வயசாகுதுல்ல” என்று வீட்டிலேயே சொல்லிவிடக்கூடிய அறிகுறிகள்.

நிரூபிப்பது ஏன் கஷ்டம்?

இந்த வழக்கின் முடிச்சே இங்கேதான். உடலுக்குள் போன பாதரசத்தில் பாதி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வெளியேறிவிடும். பாதிப்பு தங்கிவிடும், தடயம் போய்விடும். வேலையை விட்டு ஐந்து வருடம் கழித்து ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தால், அளவு நார்மல் என்றே வரலாம்.

2007-ல் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, தொழிலாளர்களின் அப்போதைய உடல்நிலையைப் பழைய பாதரசத்தோடு இணைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. 2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை அதற்கு நேர்மாறாக, வேலையால் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது என்றது. ஆலையால் யாருக்கும் உடல்நலக் கேடு வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2016-ல் கொடுத்ததும் மனிதாபிமான அடிப்படையில் என்றே சொன்னது.

ஆக, வேலை நடந்த காலத்தில் எடுத்த அளவுகள்தான் சாட்சி. அவை முதலாளியின் அலமாரியில் மட்டும் இருந்தால், வழக்கு தொடங்கும்போதே தொழிலாளி ஒரு படி கீழே நிற்கிறார்.

சட்டம் இல்லையா?

இருந்தது. 1984 போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான வேலைகளில் இருப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, அதற்கான பதிவேடு, அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கும் உரிமை, ஆபத்து என்ன என்று முன்கூட்டியே சொல்லும் கடமை என எல்லாம் அதில் உண்டு. பாதரச நஞ்சு, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலும் இருந்தது. ஆனாலும் பாதரசத்தின் ஆபத்தைப் பற்றித் தங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடைக்கானல் தொழிலாளர்களின் முக்கியப் புகார்.

2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், மின்சாரம் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கான வரம்பு 10 பேரிலிருந்து 20 பேராக உயர்ந்திருக்கிறது. அபாயகரமான தொழில் என்று அரசு அறிவித்தால் எண்ணிக்கை தடையில்லைதான். ஆனால் அந்த அறிவிப்பு வரும்வரை, 15 பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறையை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

என்ன செய்யலாம்?

பி.எஃப். கணக்கில் எவ்வளவு ஏறியது என்பதை இன்று ஒரு தொழிலாளி செல்போனிலேயே பார்த்துவிடுகிறார். கம்பெனி மாறினாலும் அந்த எண் கூடவே வருகிறது. காசுக்கு முடிந்தது உடம்புக்கு முடியாதா? பேட்டரி ஆலையில் ஈயம், கல் குவாரியில் தூசி, தோல் தொழிற்சாலையில் ரசாயனம் என வேலை செய்யும் ஒவ்வொருவரின் பரிசோதனை முடிவும், பணியிடக் காற்றின் அளவும் அதே போல அவர் பெயரில், அவர் கைக்கு வர வேண்டும். புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, அரசாணை போதும்.

கொடைக்கானலில் 591 பேருக்கு ஒரு பாட்டு கைகொடுத்தது. அடுத்த ஆலைக்கும் ஒரு பாட்டு வைரல் ஆகும் என்று காத்திருக்க முடியாது.