உடைந்த கோட்டையும் அதன் அடிமண்ணும்

யாழ்ப்பாணக் கோட்டை என்றவுடன் ஐரோப்பியரே நினைவுக்கு வருகின்றனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் அங்கு அரண் எழுப்பினர். 1658இல் அதனை வென்ற ஒல்லாந்தர் ஐங்கோணக் கோட்டையாக மாற்றிக் கட்டினர். 1980களிலும் 1990களிலும் நடந்த போரில் அதன் மதில்கள் பிளந்தன. 1706இல் கட்டப்பெற்ற ஒல்லாந்தர் தேவாலயம் கற்குவியலாயிற்று. போர் ஓய்ந்தபின், மதிலை மீண்டும் நிமிர்த்துவதே முதற்கடமை எனப் பலரும் கருதியதில் வியப்பில்லை. ஆயினும் மதிலினும் மூத்தது மதிலுக்கடியில் உள்ள மண் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் இலங்கை நிறுவனங்களும் சேர்ந்து கோட்டைக்குள் நடத்திய அகழாய்வில், ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய குடியிருப்பின் தடயங்கள் வெளிப்பட்டன. சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்கலமும் அங்குக் கிடைத்தன. உட்புறத்தில் நுண்புள்ளி வரிகள் வட்டமாகப் பதிந்த ரௌலட்டட் மட்கலமும் கிடைத்தது. 1945இல் அரிக்கமேட்டில் வீலர் அகழ்ந்து கண்ட அதே வகை மட்கலம் இது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் 1970இல் இது கிடைத்துள்ளது. கடல்வழிப் போக்குவரத்து இவ்வூர்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்ததென்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

எழுத்துச் சான்றும் அருகிலேயே உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் பொறித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, உடைந்துபோகும் மரக்கலங்களைப் பற்றிய ஆணை கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமாயின் நான்கில் ஒரு பங்கும், வாணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதியும் அரசுப் பண்டாரத்துக்கு உரியன. எஞ்சியது கலத்துக்கு உடையவர்க்குச் சேரும். இத்துணை நுட்பமாக விதி வகுக்க வேண்டுமாயின், கலங்கள் எத்துணை மிகுதியாக வந்திருத்தல் வேண்டும்!

களப்பணியாளர் ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் நலம். குண்டு விழுந்த பள்ளம் மண்ணடுக்குகளை ஊடறுத்துப் பழையதையும் புதியதையும் கலந்துவிடுகிறது. அப்பள்ளத்து மண்ணில் ரௌலட்டட் ஓடு கிடைத்தாலும், கிடைத்த இடத்தைக் கொண்டு காலம் கணிக்க இயலாது. பள்ளத்தின் கரையைச் செங்குத்தாகச் சீவி அடுக்குகளை வரைந்துகொண்டபின், குலையாத அடுக்கில் தோண்டி எடுக்கும் ஓடே சான்றாகும். எனவே, பள்ளத்தை மூடிச் சமன் செய்வதற்குமுன் ஆராய்ச்சியாளர்க்குச் சில வாரங்களேனும் அளித்தல் வேண்டும். பொறிகொண்டு இடிபாட்டை ஒரே நாளில் வாரி அகற்றுவது வசதிதான். ஆனால் குலைந்த அடுக்கை மீண்டும் அடுக்கிவைக்க எப்பொறியாலும் இயலாது. இடிந்த மதிலை வரைபடம் பார்த்துப் பின்னர்க் கட்டிக்கொள்ளலாம்.

மதிலைப் பழுதுபார்ப்பதற்கான அடித்தளக் குழியும், நீர் வடியும் கால்வாயும், மின்கம்பி புதைக்கும் பள்ளமும் குண்டுப் பள்ளத்தைப் போன்றே அடுக்குகளை அறுக்கும். அவற்றைத் தோண்டும் நாளில் தொல்லியல் பயின்ற ஒருவர் உடன் நிற்கவேண்டுமென்பதைப் பணி ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்த்தல் தகும்.