தூசி எங்கே போகும்?

பெங்களூரில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுந்த அடுக்ககங்கள் இப்போது கைமாறத் தொடங்கியிருக்கின்றன. ஒயிட்ஃபீல்டோ சர்ஜாபூர் சாலையோ ஹெப்பாளோ, பழைய ஃபிளாட்டை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது சமையலறையை, அடுத்துத் தரையை. கூடத்தில் விட்ரிஃபைட் டைல்ஸ், மாஸ்டர் பெட்ரூமில் மட்டும் மரத்தரை என்பது அந்தக் காலத்து பில்டர்களின் வழக்கம். ரிச்மண்ட் டவுன், குக் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்குப் படிக்கட்டும் மாடியில் பலகைத் தரையும் சில இடங்களில் இன்னும் மிச்சம் இருக்கின்றன. ஊரெங்கும் பெருகிவிட்ட பேட்மின்டன் கூடங்களிலும் மரத்தளம் உண்டு. இவற்றில் எது மங்கினாலும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஸ்கொயர் ஃபீட்டுக்கு என்ன ரேட்?”

இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த வாரப் பத்தி. தேய்க்கும்போது வரும் தூசி எங்கே போகும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தரையின் பாதுகாப்பு, வேலை செய்பவரின் நுரையீரல், வீட்டின் மின்சாரம், தீ விபத்து என எல்லாமே வரிசையாக வந்து நிற்கும்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். டிரம் சாண்டர் என்பது புல்வெட்டும் இயந்திரம் போல நின்றபடி தள்ளுவது. அடியில் ஒரு உருளை. அதன் மேல் உப்புத்தாள் சுற்றி இறுக்கப்பட்டிருக்கும். மோட்டார் உருளையைச் சுழற்ற, தாள் பலகையைச் சுரண்டும். சுரண்டிய தூளை ஒரு விசிறி இழுத்துப் பின்னால் தொங்கும் பையில் சேர்க்கும். கைப்பிடியில் ஒரு நெம்புகோல். உருளையைத் தரையில் இறக்குவதும் தூக்குவதும் அதைக் கொண்டுதான். வேலையின் நுட்பம் முழுக்க அந்த நெம்புகோலில் இருக்கிறது. ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் முதலில் கூடவே நாலடி ஓடுவதைப் போல, இயந்திரம் நகரத் தொடங்கிய பிறகே உருளை மரத்தைத் தொட வேண்டும். நிற்பதற்கு முன்பே அது தரையை விட்டு எழுந்துவிட வேண்டும். நின்ற இடத்தில் உருளை ஒரு கணம் சுழன்றாலும் பலகையில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை எந்த பாலிஷும் மறைக்காது. பளபளப்பு ஏற ஏற அதுதான் முதலில் கண்ணில் படும்.

தாளுக்கும் ஒரு வரிசை உண்டு. 36 அல்லது 40ஆம் நம்பரில் தொடங்கி, 60, 80, கடைசியில் 100 அல்லது 120. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் விட்ட கீறலை அழிக்கிறது. நேரம் மிச்சம் என்று 40இலிருந்து நேராக 100க்குத் தாவினால் ஆழக் கீறல்கள் அப்படியே தங்கிவிடும். பொதுவாக மரத்தின் ரேகை ஓடும் திசையில்தான் ஓட்ட வேண்டும். பலகைகள் வளைந்து மேடுபள்ளமாக இருந்தால் மட்டும் முதல் ஓட்டத்தைச் சற்றுச் சாய்வாக ஓட்டுவார்கள். சுவரோரம் உருளை எட்டாது. அதற்குக் கையில் பிடித்து ஓட்டும் எட்ஜர் என்ற வட்ட இயந்திரம் தேவை.

இயந்திரத்தைக் கொண்டுவருவதற்கு முன் தரையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாஸ்டர் பெட்ரூம் ‘மரத்தரை’ பல வீடுகளில் மரமே அல்ல. அழுத்திய மரநார்ப் பலகையின் மேல், மரம் போல அச்சிட்ட தாளை ஒட்டிய லேமினேட். உருளை தொட்ட சில நொடிகளில் அந்த அச்சு போய்விடும். திரும்ப வராது. எஞ்சினியர்டு மரத்தரையில் மேலே உண்மையான மரம் உண்டு, ஆனால் அதன் கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். முழு மரப் பலகை 18, 20 மில்லிமீட்டர் இருந்தாலும், பலகைகளைக் கோக்கும் நாக்கு வரையுள்ள மேல்பகுதியைத்தான் தேய்க்க முடியும். ஒருமுறை முழுதாகத் தேய்த்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு தரையின் ஆயுளுக்கு எத்தனை முறை என்பது விளங்கும். வாசற்படியருகே உள்ள பட்டையைக் கழற்றிப் பலகையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் எந்தத் தரை என்று தெரிந்துவிடும். பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

சில தரைகளைத் தேய்க்கவே கூடாது. கோட்டைப் பகுதியில் 1791இல் கட்டி முடிக்கப்பட்ட திப்பு சுல்தானின் கோடைகால அரண்மனை பெரும்பாலும் தேக்கால் ஆனது. காலடி பட்டுப் பட்டு இருநூறு ஆண்டுகளில் ஒரு மரப்பரப்பு அடையும் நிறத்தையும் மழமழப்பையும் எந்த இயந்திரமும் தர முடியாது. ஆனால் ஒரு பகலில் அழித்துவிட முடியும். உங்கள் தாத்தா வீட்டு மாடித்தரைக்கும் இது பொருந்தும். அழுக்கை நீக்கி எண்ணெயோ மெழுகோ ஏற்றினால் போதுமா என்று முதலில் பாருங்கள்.

இனி தூசி. இயந்திரத்தின் பையில் சேர்வது கண்ணுக்குத் தெரியும் தூள். பை பிடிக்காமல் காற்றில் மிதக்கும் நுண்தூசிதான் மூக்கின் உள்ளறைகளிலும் நுரையீரலிலும் போய்ப் படிகிறது. அறுக்கும்போது வருவதைவிடத் தேய்க்கும்போது வருவது இன்னும் நுண்ணியது. இங்கிலாந்தில் ஹை விகம் என்ற ஊர் நாற்காலித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்டு, அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அவரும் ஏச்சிசன் உள்ளிட்ட ஆய்வாளர்களும் 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே பிரிவு. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதால், இருபது வயதில் உப்புத்தாள் பிடித்தவர் அறுபதில் மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

புற்றுநோய் அரிது. தும்மல், தோல் அரிப்பு, ஆஸ்துமா ஆகியவை அரிதல்ல. தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் இயற்கைப் பொருள்களைக் கொண்டவை. பழைய வீடுகளில் வேறொரு ஆபத்தும் சேர்கிறது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய படிக்கட்டையோ பலகையையோ தேய்த்தால், மரத்தோடு ஈயமும் பொடியாகிக் காற்றில் ஏறலாம். குழந்தையின் மூளைக்கு ஈயம் தீங்கு. வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், பழைய பெயின்ட் பூசிய மரத்தை உலர்வாகத் தேய்க்கும் வேலையை எடுக்கவே வேண்டாம்.

“மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது சார்” என்பதை எல்லாத் தளத்திலும் கேட்கலாம். அது உண்மையும்தான். தலையில் சுற்றிய துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது எளிது, ஆனால் நுண்தூசி துண்டின் இழைகளைத் தாண்டிப் போய்விடும். என்95 தரத்து முகக்கவசம் கன்னத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். நனைந்தாலோ அடைத்துக்கொண்டாலோ மாற்ற வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தர வேண்டியது இடைவேளையும் ஒரு புது முகக்கவசமும். “கழற்றிவிட்டுச் செய்யுங்கள்” என்ற அனுமதி அதற்குப் பதில் ஆகாது. காதுக்கும் காப்பு வேண்டும். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று கணக்கிட்டால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது தொழில்நலத் துறையினர் சொல்லும் அளவு. மூடிய அறையில் இந்த இயந்திரம் எழுப்பும் இரைச்சலில் அந்த நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

தூசி எரியும் என்பதையும் சொல்ல வேண்டும். பலகையில் துருத்தி நிற்கும் ஓர் ஆணித்தலையில் உருளை உரசினால் பொறி பறக்கும். அந்தப் பொறி தூளோடு சேர்ந்து பைக்குள் போய்க் கனன்றுகொண்டே இருக்கலாம்; இரவில் எல்லோரும் போன பிறகு பற்றலாம். எனவே தொடங்கும் முன் தரை முழுவதும் கையால் தடவிப் பார்த்து, ஆணிகளைப் பலகைக்குள் அடித்து இறக்க வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெளியே கொண்டுபோய், மூடியுள்ள இரும்பு டின்னில் கொட்ட வேண்டும். பையில் தூளோடு இயந்திரத்தை இரவு விட்டுப் போகக் கூடாது. சாமி விளக்கு, ஊதுவத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். அடுத்து சீலரும் தின்னரும் பூசும்போது இது இன்னும் கட்டாயம்.

பூசிய பின் எறியும் எண்ணெய்த் துணிகளும் ஆபத்தானவை. ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலரும்போது சூடு வெளிவிடும். துணியைக் கசக்கிக் குவித்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகத் தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் இப்படித்தான் பற்றியது. மரவேலைப்பாட்டைப் புதுப்பித்தவர்கள் 22ஆம் மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணிகளில் தொடங்கிய தீ, மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரைக் குடித்தது. 30ஆம் மாடியில் இருந்த நீர்த்தெளிப்பான்கள் அதை நிறுத்தின. அந்தத் துணிகளைத் தண்ணீர் நிறைந்த டின்னில் முக்கி மூடியிருந்தால் போதும். நம் ஊரில் தனி வீடுகளிலும் கட்டி முடியாத கட்டடங்களிலும், பிகாரிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்த தச்சர்கள் வேலை செய்யும் அறையிலேயே பாய் விரித்துத் தூங்குகிறார்கள். தூசிப் பையும் தின்னர் டின்னும் எண்ணெய்த் துணியும் இருக்கும் அறையில் ஒரு மனிதரைப் படுக்கவிடுவது கொடுமை. அதற்கு வீட்டுக்காரரும் பொறுப்பு.

மின்சாரத்திலும் அப்படித்தான். இந்த இயந்திரத்துக்கு எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். மேசை விளக்குக்கான 6 ஆம்பியர் பிளக் போதாது. வெறும் ஒயர் முனைகளைத் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் சொருகும் பழக்கத்தை எந்த வீட்டிலும் அனுமதிக்கக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். ஒயர் தோள்மேல் பின்புறமாகப் போக வேண்டும்; உருளையின் முன்னால் கிடக்கக் கூடாது. தாள் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

மரம் பற்றி அறிந்தவர்கள் இல்லாத ஊரல்ல இது. மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வந்த நல வாரியமும் கர்நாடகத்தில் உண்டு. ஆண்டுக்கு 90 நாள் இந்த வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்குட்பட்ட தச்சர் அதில் பதிந்துகொள்ளலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. உங்கள் வீட்டுக்கு வரும் தச்சரிடம் “அண்ணா, கார்டு இருக்கா?” என்று கேளுங்கள். ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். போகும்போது தன் தொழிலைச் சொல்லவும் சொல்லுங்கள்.

பெங்களூரின் அடுக்ககச் சங்கங்கள் உள்வேலைக்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகின்றன. வேலை நேரம், லிஃப்ட் பயன்பாடு, டெபாசிட் என்று அதில் எல்லாம் இருக்கிறது. அண்டை வீட்டாரின் தூக்கத்துக்காக எழுதிய விதிகள் அவை. வேலை செய்பவரின் மூச்சுக்காக ஒரு வரியும் நான் பார்த்த படிவங்களில் இல்லை. மூன்று வரிகள் சேர்க்கும்படி சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மரம் தேய்க்கும் வேலைக்குத் தூசியை இழுத்துப் பிடிக்கும் இயந்திரமும் என்95 கவசமும் கட்டாயம், செலவு வீட்டுக்காரருடையது. தூசிப் பையும் எண்ணெய்த் துணியும் மாலையில் கட்டடத்துக்கு வெளியே போயாக வேண்டும். கிரகப்பிரவேச நாளைக் காட்டி இரவு வேலைக்கு நெருக்கக் கூடாது. அடுத்த பொதுக்குழுவில் யாராவது ஒருவர் எழுந்து இதை முன்மொழிந்தால் போதும். எதிர்த்துக் கை தூக்க ஒருவருக்கும் காரணம் இருக்காது.