வட்டைக்கும் ஒரு லோயர் வேணும்

கெம்பஸ் கிடைத்த கையோடு எங்கட வீடுகளில் வாப்பாமார் சொல்லும் வசனம் ஒண்டுதான்: "இனி நீ வயலுக்குள்ள இறங்கத் தேவல்ல மனே." சவளக்கடையிலிருந்து கிட்டங்கி தாண்டிக் கல்முனைக்குப் படிக்கப் போன எல்லாருக்கும் இந்தப் பாடம் தெரியும். படிப்பென்றால் வயலிலிருந்து தப்புவது என்று நாங்களும் நம்பினோம். அந்த நம்பிக்கையோடுதான் இப்போ எங்களுக்குச் சண்டை.

வீட்டில் ஒருக்கா கேட்டுப் பாருங்கள், வயல் பெர்மிட் யாரின் பெயரில் இருக்கு? பலருக்கு மௌத்தாகிப்போன மூத்தாப்பாவின் பெயரில். கந்தோரிலிருந்து வந்த கடிதம் சிங்களத்தில். அதை வாசித்து விளக்குபவர் போட்டோக்கொப்பிக் கடைக்காரர். ஒரு குடும்பத்தின் முழுச் சோறும் அவரின் அரைகுறை மொழிபெயர்ப்பில் தொங்குகிறது.

இது சின்ன விசயமில்லை. அரச காணிப் பெர்மிட்டுகளை ஆளுவது 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால், மகள்மாரைத் தள்ளி மகன்மாருக்கே அது முதலிடம் கொடுத்தது. எங்கட ஊர் வழக்கமோ வீட்டையும் வயலையும் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது. வாப்பா வாயால் கொடுத்த காணி, கடதாசியில் நானாவுக்கு. இந்த ஆண் முன்னுரிமையை 2022இல்தான் திருத்தி நீக்கினார்கள். அது எத்தனை ராத்தாமாருக்குத் தெரியும்?

குத்தகைக்குச் செய்பவர்களின் கதையும் இதுதான். 1958இன் நெற்காணிச் சட்டம் தொடக்கம் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, குத்தகை விவசாயியை நினைத்தபடி கிளப்ப முடியாதென்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பில் பெயர் இல்லையென்றால், தான் விதைத்த வயலைத் தான்தான் விதைத்தேன் என்று நிரூபிக்கவே அவர் அலைய வேணும். எங்கட ஆட்கள் வாய்ப்பேச்சில் குத்தகை எடுப்பவர்கள். உரிமை சட்டத்தில் இருந்தும் கையில் இல்லை.

2021 மேயில் ஒரே ஒரு வர்த்தமானியால் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். பயிர் மஞ்சளானது. ரோட்டில் நின்று கத்தினோம், சரிதான். அந்த வர்த்தமானியைச் சட்டத்தால் கேள்வி கேட்க எங்களில் எத்தனை பேர் தயாராக இருந்தோம்?

"விவசாயிக்கு வாதாடி என்ன காசு வரும்?" என்பீர்கள். ஒரு வழக்கால் வராதுதான். ஆனால் பெர்மிட், உரிமை மாற்றம், எல்லைத் தகராறு, குத்தகை ஒப்பந்தம், நட்டஈடு என்று வேலை போகத்துக்குப் போகம் வருது. ஒப்பந்தத்தை முதலே ஒழுங்காக எழுதிக் கொடுப்பதும் லோயர் தொழில்தான்.

கலைப்பீடத்துக்காரர் நாங்கள் வெளியே நிற்க வேண்டியதுமில்லை. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எங்களுக்கும் திறந்திருக்கு, திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டமும் இருக்கு. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் வைக்கும் ஒழுங்குவிதி 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்றது. அந்தக் கதவைத் தமிழில் படித்த நாங்கள் தள்ளாவிட்டால் வேறு யார் தள்ளுவது?

பரீட்சை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பெர்மிட்டை எடுங்கள். கமநல நிலையத்துக்குப் போய் இடாப்பில் யார் பெயர் இருக்கென்று பாருங்கள். நாங்களும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.