பூட்டுச் சின்னம் மறைக்காதவை

முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் போதும், உள்ளே பார்ப்பதும் படிப்பதும் வெளியே எவருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. கூகுள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பூட்டின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தவர்கள் 11 சதவீதம் பேர்தான். 2023இல் கணினிக்கான குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. நம்பிக்கை மட்டும் போகவில்லை.

பூட்டு குறிப்பது எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கிய இணைப்பை. அது மறைப்பது உள்ளடக்கத்தை. எந்தச் சர்வரோடு பேச்சு நடக்கிறது, எத்தனை பைட் போய்வருகிறது, எந்த நொடியில் வருகிறது என்பவை வைஃபை நடத்துபவருக்கும் இணையச் சேவை நிறுவனத்துக்கும் அலுவலக நெட்வொர்க்கைக் கவனிப்பவருக்கும் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

வெறும் அளவை வைத்து என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று கேட்கிறார்கள். இண்டியானா பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சும் 2010இலேயே விடை சொல்லிவிட்டன. மருத்துவத் தளம் ஒன்றின் தேடுபெட்டியில் நோயின் பெயரைத் தேட ஓர் எழுத்தைத் தட்டியதுமே சர்வரிலிருந்து பரிந்துரைப் பட்டியல் ஒன்று வருகிறது. எழுத்துக்கு எழுத்து பட்டியல் வேறு. அதன் அளவும் வேறு. வேவு பார்ப்பவர் அதே தளத்தைத் தன் கணினியில் திறந்து, 26 எழுத்துகளையும் தட்டிப் பார்த்து, பதில்களின் அளவைக் குறித்துக்கொள்கிறார். முதல் பதிலின் அளவு முதல் எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அது தெரிந்தபின் இரண்டாவதற்கும் 26 வாய்ப்புகள்தான். இப்படியே நோயின் பெயர் முழுவதும் எழுத்தெழுத்தாக வெளியே வந்துவிடும். மறையாக்கத்தை யாரும் உடைக்கவே இல்லை.

2014இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் மருத்துவம், வங்கி, சட்ட உதவி, வீடியோ என 10 பெரிய தளங்களின் 6,000க்கும் மேற்பட்ட பக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே தளத்துக்குள் எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்பதை 89 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தார்கள். மருத்துவமனைத் தளத்துக்குப் போனார் என்பதோடு நிற்கவில்லை, எந்த நோய்க்கான பக்கம் என்பது வரை.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது வீட்டில் நடக்குமா? நியாயமான கேள்விதான். பிரவுசர் சேமித்துவைக்கும் பழைய கோப்புகளும் குக்கீகளும் துல்லியத்தை 18 சதவீதம் வரை மாற்றக்கூடும் என்று அந்த ஆய்வே சொல்கிறது. ஆனால் கவலையோடு தேடுகிறவர் ஒரு பக்கத்தோடு நிறுத்துவதில்லை. அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை என்று இணைப்பு பிடித்து நகர்கிறார்; ஒரு பக்கத்தைப் பற்றிய ஊகம் அடுத்ததை உறுதிப்படுத்துகிறது. தவிர, ஊழியர் ஒருவரைச் சந்தேகிக்கும் முதலாளிக்கு நூறு சதவீத ஆதாரம் எதற்கு?

விபிஎன் போட்டுக்கொண்டாலும் தீராது. தளத்தின் பெயர் மறையும். பைட்டுகளின் போக்குவரத்து வடிவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பாரத்தைப் பயனர் தலையில் கட்டுவதும் அநியாயம்.

செய்ய வேண்டியவர்கள் தளம் நடத்துபவர்கள். பதில்களோடு வெற்று பைட்டுகளைச் சேர்த்து அளவுகளை ஒன்றுபோல் ஆக்கலாம். அதே பெர்க்லி குழு முன்வைத்த தற்காப்பு, 9 சதவீதம் கூடுதல் போக்குவரத்துச் செலவில் 89ஐ 27 ஆக்கியது. எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்க நெறிமுறையாக 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 இப்படி நிரப்புவதற்கு இடம் கொடுக்கிறது, கட்டாயமாக்கவில்லை. நோயாளிகளின் அந்தரங்கம் காப்போம் என்று எழுதிவைத்திருக்கும் மருத்துவமனைத் தளங்கள் அந்த 9 சதவீதத்தை முதலில் செலவிடட்டும்.