ஒரு முரசறைவோனும் துரோகி என்ற சொல்லும்

இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவிற்குச் சென்று குடியேறிய முதலாவது குடும்பம் எது என்று கேட்டால், பலரும் பிற்காலத்துப் பறங்கியரையோ குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற சிங்களத் தொழிலாளரையோ நினைப்பர். 1816இல் கைதியாகச் சிட்னியில் இறங்கிய ஒரு மலாய்ப் படைவீரனின் குடும்பமே அது எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. பெயர் வில்லியம் ஓடீன். பிரித்தானியரின் மலாய்ப் படையில் முரசறைவோருக்குத் தலைவனாக, அதாவது ட்ரம் மேஜராக, இருந்தவன்.

மலாயரைத் திரட்டி இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர். 1796இல் கொழும்பு கைமாறியபோது, கோட்டையோடும் பீரங்கிகளோடும் அவர்களும் பிரித்தானியரின் கைக்கு வந்தனர்.

1803இல் பிரித்தானியர் கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்ற நாயக்க இளவரசனுக்கு முடிசூட்டினர். பிறகு படையின் பெரும்பகுதி திரும்பிச் சென்றது. மேஜர் டேவியின் கீழ் எஞ்சியவர்களைக் காய்ச்சலும் பட்டினியும் தின்றன. ஜூன் 24ஆம் திகதி டேவி சரணடைந்தார். தாம் முடிசூட்டிய முத்துசாமியைத் தாமே எதிரியிடம் ஒப்படைத்தார். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அவனைக் கொன்றான். ஆயுதங்களைக் கீழே வைத்த வெள்ளையர்களும் மகாவலிக் கரையில் வெட்டுண்டனர். மலாயர்களிடம் மட்டும் மன்னனின் சேவையில் சேரச் சம்மதமா என்று கேட்கப்பட்டது. மறுத்த கப்டன் நூர்தீனும் அவரது சகோதரரும் கொல்லப்பட்டனர். பலர் சம்மதித்தனர். ஓடீனும் கண்டியிலேயே தங்கினான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1815இல் கண்டி வீழ்ந்தபோது அவன் பிடிபட்டான். இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது.

என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது இந்த இடந்தான். தம்மை நம்பிய இளவரசனைக் கையளித்த டேவி, கண்டியில் கைதியாகவே இறந்தார். ஆங்கில வரலாற்றாசிரியர்கள் அவரைப் பற்றி எழுதும்போது இரக்கம் கலந்தே எழுதுகிறார்கள். தளபதியே சரணடைந்த பின், உயிரைக் காத்துக்கொண்ட மேளக்காரனுக்கோ தூக்குக் கயிறு. நூர்தீனின் துணிவை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்தத் துணிவை எல்லோரிடமும் எதிர்பார்க்கவும், அது இல்லாதவனைத் துரோகி என்று தண்டிக்கவும், அவனைக் கைவிட்டவர்களுக்கு என்ன உரிமை இருந்தது? மலாயனுக்குக் கண்டியும் சொந்த நாடன்று, இங்கிலாந்தும் சொந்த நாடன்று. துரோகி என்ற சொல் நம்மவர் நடுவில் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதைச் செய்தி அறையிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலேயே இதைக் கேட்கிறேன்.

ஓடீன் ஏறிய கப்பலின் பெயர் கங்காரு. அவுஸ்திரேலியாவிலிருந்த 73ஆவது படைப்பிரிவின் எஞ்சிய வீரர்களை இலங்கையில் இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பல் அது. அதே படைப்பிரிவுதான் கண்டிப் படையெடுப்பிலும் பங்குகொண்டது. வீரர்கள் வந்த கப்பலில் கைதி போனான். அவனை ஏற்ற மன்னனும் தப்பவில்லை: 1816 ஜனவரியில் மன்னனைக் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினர். 1832இல் அங்கேயே அவன் மாண்டான்.

ஓடீனுடன் சிங்கள மனைவியும் மூன்று பிள்ளைகளும் சென்றனர். அவன் பெயரை எழுத்தர்கள் அயர்லாந்துப் பெயர் போல ‘ஓ’டீன்’ என்றும் எழுதினர். அயர்லாந்துக் கைதிகள் நிறைந்திருந்த சிட்னியில் அது வியப்பன்று. உதின் என்று முடியும் ஏதோவொரு முஸ்லிம் பெயரே அப்படித் திரிந்தது எனக் கருத இடமுண்டு.

அவனைத் துரத்திய அரசுக்கே பின்னர் அவன் தேவைப்பட்டான். 1827இல் வட கரையில் ரபிள்ஸ் குடாவில் பிரித்தானியர் ஒரு குடியிருப்பை அமைத்தனர். கடலட்டை பிடிக்க மக்காசாரிலிருந்து வரும் படகோட்டிகளுடன் வணிகம் செய்வது நோக்கம். அவர்களுடன் பேச மலாய்மொழி வேண்டும். மொழிபெயர்ப்பாளனாக அங்கே வேலை பார்த்தவன் ஓடீன். 1829இல் அந்தக் குடியிருப்பு கைவிடப்பட்டது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவனுடைய மனைவியின் பெயர் பதிவேடுகளில் ஈவ் என்று இருக்கிறது. எந்தக் குற்றமும் செய்யாமல், எந்த நீதிமன்றமும் விசாரிக்காமல், மூன்று குழந்தைகளுடன் கடல் கடந்தவள் அவள். ஈவ் என்பது அவளுடைய தாய் அவளுக்கு இட்ட பெயராக இல்லாமலும் இருக்கலாம்.