சைபர் வந்த வழி

சைபர்னெடிக்ஸ் என்ற சொல்லை இன்றைய பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர். 1948இல் அதையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். உயிரினங்களிலும் இயந்திரங்களிலும் கட்டுப்பாடும் தகவல் பரிமாற்றமும் நடக்கும் விதம்தான் நூலின் பொருள். சொல்லின் வேர், கிரேக்க மொழியின் 'கூபெர்னேட்டேஸ்'. கப்பலில் சுக்கான் பிடிக்கும் மீகாமன் என்று அர்த்தம்.

பொருத்தமான தேர்வுதான். மீகாமன் சுக்கானை ஒரே வாக்கில் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. காற்றில் கப்பல் இடப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கம் திருப்புவான். திருப்பியது கூடிப்போனால் மறுபடி தளர்த்துவான். விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்தும் இந்த முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர்.

இதே கிரேக்கச் சொல் லத்தீனில் 'குபெர்நாட்டோர்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'கவர்னர்' ஆயிற்று. மாநில ஆளுநருக்கு மட்டுமல்ல, நீராவி எஞ்சினில் ஜேம்ஸ் வாட் 1788இல் பொருத்திய கருவிக்கும் அதே பெயர். சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். வேகம் கூடினால் அவை விரிந்து எழும்பி, நீராவி வரும் வழியைக் குறுக்கும். வேகம் குறைந்தால் தாழ்ந்து, வழியைத் திறக்கும். ஆள் தொட வேண்டியதில்லை. இத்தகைய கருவிகளின் கணிதத்தை 1868இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தவர் இயற்பியலாளர் மேக்ஸ்வெல். அந்தக் கட்டுரைக்கு மரியாதையாகவே வீனர் கவர்னரின் மூலச் சொல்லைத் தேடிப் போனார். அரசாளும் கலைக்கு இயற்பியலாளர் ஆம்பியர் முன்பே இதே பெயரைச் சூட்டியிருந்தது பிறகுதான் வீனருக்குத் தெரியவந்தது.

அதன்பின் சொல் வெட்டுப்பட்டது. 1960இல் சைபர்னெடிக், ஆர்கனிசம் இரண்டின் தலைகளையும் ஒட்டி 'சைபார்க்' பிறந்தது. 1982இல் வில்லியம் கிப்சன் ஒரு சிறுகதையில் 'சைபர்ஸ்பேஸ்' என்று எழுதினார். அது பரவியதும் சுக்கான் மறைந்து, இணையம் மட்டும் மிஞ்சியது. சைபர் கிரைம் என்பதில் எந்தக் கப்பலும் இல்லை. பழைய பொருளை ஓரளவு மீட்டது 2014இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ் மென்பொருள். அதன் சின்னமே கப்பலின் சுக்கான் சக்கரம்.

தமிழில் பூஜ்ஜியத்தைச் சொல்லும் 'சைபர்' இந்தக் குடும்பமே அல்ல. அது 'வெறுமை' எனப் பொருள்படும் 'சிஃப்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளைச் சுற்றி வந்தது. கணக்கில் சைபர் வாங்கியவருக்கும் சைபர் பாதுகாப்பு படிப்பவருக்கும் ஒலியளவில்தான் உறவு.