குஞ்சு வருமுன் காலிப் பெட்டிக்கு ஓர் இரவுச் சோதனை

மாணவர்களே, பள்ளி விடுமுறை நெருங்கினால் பிரிஞ்சாங் பக்கம் உங்களில் சிலருக்குக் கோழிக்குஞ்சு வளர்க்கும் ஆசை வந்துவிடுகிறது. கைப்பேசியில் சொல்லிவைத்தால், ஈப்போ பக்கம் பொரித்த கம்பத்துக் கோழிக் குஞ்சுகள் சிம்பாங் பூலாய் பாதை வழியாக மேலே வந்து சேரும். ஆசை நல்லதுதான். குஞ்சுகள் வாசலில் வந்து நின்ற பிறகு அட்டைப்பெட்டியும் பல்பும் தேடி ஓடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. இரண்டு நாளில் பாதிக் குஞ்சுகள் செத்துப்போனால், "கேமரன் மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். குளிர் இங்கே என்றும் இருப்பது. பெட்டியை முன்கூட்டியே தயார் செய்யாதது நாம்.

பொரித்து ஒரு நாளான குஞ்சின் எடை ஏறக்குறைய 40 கிராம். தாய்க்கோழி 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையில் 50 மடங்கு வித்தியாசம். ஆனால் உடல் சிறுக்கும்போது மேற்பரப்பு அதே அளவுக்குக் குறைவதில்லை. இரண்டுக்கும் ஒரே வடிவம் என்று கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் எடைக்குக் குஞ்சின் மேற்பரப்பு தாயினுடையதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வரும். அத்தனை பரப்பு வழியாகவும் வெப்பம் வெளியேறுகிறது. உடம்பில் இருப்பதோ வெறும் பூந்தூவி. இறகு இன்னும் முளைக்கவில்லை. உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறனும் முதல் சில நாட்களில் முழுமையாக இருக்காது.

அப்படியானால் இவ்வளவு தூரப் பயணத்தை எப்படித் தாங்குகிறது? பொரிப்பதற்குச் சற்று முன் முட்டையின் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் சமாளிக்கும். அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் கோழிக்குஞ்சுகளைத் தபாலில் ஏற்றுக்கொண்டதும் இந்தத் தைரியத்தில்தான். வரும் வழியில் நெருக்கமாக இருப்பதால் ஒன்றுக்கொன்று சூடும் கொடுத்துக்கொள்கின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து பத்தே பத்தை எடுத்து நம் வீட்டுக் குளிர்ந்த பெட்டியில் விடும்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது.

முதல் வாரம் விளக்கின் கீழ் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈப்போவில் இரவு வெப்பநிலை 24 டிகிரி அளவில் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நமக்கு அது 15-ஐ ஒட்டி இறங்கும். 35-ஐக் காப்பதற்கு அங்கே 11 டிகிரி வித்தியாசத்தை ஈடுகட்டினால் போதும், இங்கே 20. வெப்ப இழப்பு இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், அதே பெட்டிக்கு இங்கே ஏறக்குறைய இரு மடங்கு வெப்பம் தேவை. ஈப்போ மாமா "ஒரு பல்பு போதும்" என்று சொன்னால் அவர் ஊருக்கு அது சரி.

"தோட்டத்தில் நம் பாட்டிமார் பல்பு போட்டா குஞ்சு வளர்த்தார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாட்டி வீட்டில் தாய்க்கோழி இருந்தது. அதன் உடல் வெப்பம் 41 டிகிரிக்கும் மேல். குஞ்சு வெளியே ஓடி மேயும். குளிர்ந்ததும் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். கோழி வீடு முழுவதையும் சூடாக்கவில்லை, ஒரு சூடான இடத்தைத்தான் கொடுத்தது. நம் பெட்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும். விளக்கை ஒரு முனையில் தொங்கவிடுங்கள். மறுமுனை குளிர்ச்சியாக இருக்கட்டும், குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

பள்ளியில் கொண்டுக்சி, பெரோலாகான், சினாரான் என்று மலாயில் படிக்கிறீர்களே, அந்த மூன்றும் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரை பாதம் வழியாகவே சூட்டை உறிஞ்சிவிடும். கீழே பலகை போட்டு, மேலே இரண்டு அங்குலத்துக்கு மரச்சீவல் பரப்புங்கள். வெறும் செய்தித்தாள் வேண்டாம், கால் வழுக்கி விரிந்துவிடும். (இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!) பக்கச் சுவர் காற்றைத் தடுக்கும் உயரத்தில் இருக்கட்டும். மேலே முழுவதும் மூடாதீர்கள். ஈரமும் எச்சத்தின் அம்மோனியாவும் வெளியேற வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் நனைந்த சீவலை அன்றன்றே மாற்றாவிட்டால் இரத்தக்கழிச்சல் நோய்க்கு இடம் கொடுக்கிறோம்.

விளக்கைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். எல்.இ.டி பல்பு ஒளி தரும். குஞ்சைக் காக்கும் அளவுக்குச் சூடு தராது. பழைய இழை பல்போ வெப்ப விளக்கோ வேண்டும். அதை மின்கம்பியை நம்பித் தொங்கவிடாதீர்கள், சங்கிலியால் கட்டுங்கள். சீவலில் விழுந்தால் தீப்பிடிக்கும். வரிசை வீடுகளில் தீ பக்கத்து வீட்டையும் விடாது. பெரியவர் ஒருவர் பார்க்காமல் இதைச் செய்யவே வேண்டாம்.

இனி அந்தச் சோதனை. குஞ்சுக்குச் சொல்லிவைப்பதற்கு முன்பே பெட்டியை அமைத்து, குஞ்சின் முதுகு உயரத்தில் வெப்பமானியை வைத்து, ஓர் இரவு முழுவதும் காலியாகவே விளக்கை எரியவிடுங்கள். மாலையில் ஒரு முறையும் இரவு பத்து மணிக்கும் விடியுமுன் ஐந்து மணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு விளக்கின் கீழ் 32-க்குக் குறைந்திருந்தால் அந்தப் பெட்டி தேறவில்லை. விளக்கைத் தாழ்த்தியோ இன்னொன்றைச் சேர்த்தோ மறுபடி பாருங்கள். தேறும்வரை குஞ்சு வாங்காதீர்கள்.

குஞ்சு வந்த பிறகு வெப்பமானியைவிடக் குஞ்சையே நம்புங்கள். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து உரக்கக் கத்தினால் குளிர்கிறது. ஓரங்களுக்கு ஒதுங்கி, இறக்கையை விரித்து வாய் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே மூலையில் ஒண்டினால் எதிர்ப்பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்று பொருள். வந்தவுடன் தீனி வேண்டாம். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டு. மின்சாரம் போனால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள்.

வாரத்துக்கு 3 டிகிரி வீதம் விளக்கை உயர்த்திச் சூட்டைக் குறைக்கலாம். கீழே சமவெளியில் மூன்றாம் நான்காம் வாரத்திலேயே அணைத்துவிடுவார்கள். இங்கே முதுகு இறகு முழுதாக மூடும்வரை, அதாவது ஐந்து ஆறு வாரம், இரவில் மட்டுமாவது விளக்கு எரியட்டும்.